பூட்டனாரின் ஊரைத் தேடி

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "பாடசாலை நினைவுகளைச் சொல்லுங்கோ" என்றுதான் கேட்டார். நினைவுகளைச் சொல்ல என்னை விட நன்றாகப் பேசுபவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் வேறொன்றைச் சொல்கிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக என் வீட்டு மேசையில் ஒரு பைல் இருந்தது. இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு வழங்கும் ஓ.சி.ஐ. அட்டைக்காக நான் திரட்டிய ஆவணங்கள் அதில் இருந்தன. அந்த பைலில் நமது பாடசாலையின் ஒரு பக்கமும் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதுதான் என் பேச்சு. இதே வேலையைத் தொடங்கி இடையில் விட்டுவிட்டதாகச் சொன்ன பலர் இந்த மண்டபத்தில் இருப்பதால், பயன்படும் விபரங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் குடும்பம் டொக்யாட் குடும்பம். அம்மாவின் அம்மாவை நாங்கள் வீட்டில் "அம்மாச்சி" என்போம். பாடசாலைக்கு வந்தால் "அம்மம்மா" என்று மாற்றிச் சொல்லுவோம். ஒரு பிள்ளை வாய் தவறி அம்மாச்சி என்று சொல்லி, மற்றப் பிள்ளைகள் சிரித்த பிறகு பழகிய பழக்கம் அது. அந்தப் பிள்ளை நான்தான். சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போதும் என் உற்ற தோழிகள். இங்கேயும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அம்மாச்சியின் அப்பா, அதாவது என் பூட்டனார், 1920களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் கொத்துவேலை, தச்சுவேலை, பாரம் ஏற்றி இறக்கும் வேலை என்று எத்தனையோ கைகள் தேவைப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்குவது அந்நாளில் பக்கத்து ஊருக்குப் போவது போலத்தான். கடவுச்சீட்டுக் கேட்பார் இல்லை. குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1948இல் வந்து, 1949 நவம்பரில்தான் நடைமுறையானது. ஆகவே, "உங்கள் பூட்டனாரின் இந்தியக் கடவுச்சீட்டு எங்கே?" என்று எவரும் கேட்டால் பதில் எளிது. அவரிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இருந்ததில்லை.

அம்மாச்சி 1931இல் திருகோணமலையிலேயே பிறந்தார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது அவருக்குப் பதினொரு வயது. ஊரை விட்டு ஓடியவர்களோடு அவர்களும் ஓடினார்கள். ஒரு தகரப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்லுவார். பூட்டனார் 1944இல் காலமானார். அவர் வேலை செய்த இடத்தில் விதவைக்குக் கொடுத்த சேவைப் பத்திரம் அந்தத் தகரப் பெட்டிக்குள் போனது. அந்தப் பெட்டி அம்மாச்சியிடமிருந்து அம்மாவிடம் வந்தது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது புரியாததால்தான் பலர் பாதி வழியில் நிற்கிறார்கள்.

ஓ.சி.ஐ. திட்டம் 2005இல் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் வந்தது. அதற்கு முன்பிருந்த பி.ஐ.ஓ. அட்டையை 2015 ஜனவரியில் இதனோடு இணைத்துவிட்டார்கள். யார் விண்ணப்பிக்கலாம்? 1950 ஜனவரி 26ஆம் திகதியோ அதற்குப் பின்னரோ இந்தியக் குடிமகனாய் இருந்து இன்று வேறு நாட்டுப் பிரஜையாக உள்ளவர்; அந்தத் திகதியில் இந்தியக் குடிமகனாக ஆவதற்குத் தகுதி பெற்றிருந்தவர்; 1947 ஆகஸ்ட் 15க்குப் பின் இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர், உதாரணமாகக் காரைக்கால், பாண்டிச்சேரி; இவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள். பாகிஸ்தான், பங்களாதேஷ் பிரஜைகளாக இருந்தவர்களுக்கும் அவர்களின் வழிவந்தோருக்கும் இது கிடையாது. இலங்கையருக்கு அந்தத் தடை இல்லை.

"தகுதி பெற்றிருந்தவர்" என்ற சொல்லைக் கவனியுங்கள். என் கண் பல மாதங்கள் அந்தச் சொல்லின் மேல் விழவில்லை. இந்திய அரசியலமைப்பின் 8ஆவது உறுப்புரை, வெளிநாட்டில் வசிக்கும் ஒருவரோ, அவருடைய தாய் தந்தையரில் ஒருவரோ, பாட்டன் பாட்டிமாரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால், அவர் தம்மைப் பதிவு செய்து இந்தியக் குடிமகனாகலாம் என்று சொல்கிறது. அம்மாச்சி பிறந்தது திருகோணமலையில். ஆனால் அவருடைய அப்பா பிறந்தது இந்தியாவில். 1950 ஜனவரி 26இல் அம்மாச்சி உயிரோடு இருந்தார், பூட்டனார் இல்லை. எனவே சங்கிலியின் முதல் கண்ணி பூட்டனார் அல்ல, அம்மாச்சிதான். அவருடைய பிள்ளை அம்மா, பேத்தி நான், பூட்டப்பிள்ளை என் மகள். மூன்று தலைமுறையும் அந்த ஒரு பெண்ணின் பெயரில் நிற்கிறோம்.

நான் முதலில் அப்பா வழியில்தான் தேடினேன். அதற்குக் காரணம் நம் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு நினைப்பு. வம்சம் என்றால் ஆண்வழிதானே என்று நினைத்தேன். அப்பப்பா இந்தியாவில் பிறந்தவர். ஆனால் அவருடைய கடதாசி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏழு மாதங்கள் அதிலேயே போயின. பிறகுதான் என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து வைத்து யோசித்தேன்.

உங்களுடைய பத்திரத்தையும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பெற்றோரின் விபரங்களுக்குக் கீழே, பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு இருக்கும். அதன் கீழே, தந்தை இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய விபரம் என்று இன்னொரு கூடு. என்னுடையதில் இரண்டிலும் ஒரு கோடுதான் இழுக்கப்பட்டிருக்கிறது. சின்ன வயதில் அந்தக் கோட்டைப் பார்த்து, எனக்குப் பாட்டனே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கூடுகள் ஏன் அங்கே இருக்கின்றன? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அந்த ஆண்டு நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. 2003இல் திருத்தம் வரும்வரை, திருமணமான இலங்கைப் பெண் ஒருத்தி தன் பிரஜாவுரிமையைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. இந்தியாவிலும், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழியாகக் குடியுரிமை கிடைக்க 1992 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்த 8ஆவது உறுப்புரை தாயையும் தந்தையையும், பாட்டனையும் பாட்டியையும் சமமாகவே வைக்கிறது. ஓ.சி.ஐ. சட்டமும் பிள்ளை, பேரப்பிள்ளை, பூட்டப்பிள்ளை என்றுதான் சொல்கிறது. ஆண்வழி, பெண்வழி பிரிக்கவில்லை. சகோதரிகளே, உங்கள் அப்பா வழியில் கடதாசி இல்லையென்றால் பைலை மூடிவிடாதீர்கள். அம்மா வழியைத் திறந்து பாருங்கள். பெண் பிள்ளைகளுக்கான ஒரு பாடசாலையில் நின்று இதைச் சொல்வது எனக்கு மகிழ்ச்சி.

சரி, அம்மா வழி என்று தீர்மானித்தாயிற்று. தகரப் பெட்டி அம்மாவிடம். அம்மா தரவில்லை.

"ஏன் பிள்ளை இப்ப அதைக் கிண்டுறாய்?" என்றார். ஒரு நாள் அல்ல, மாதக்கணக்கில்.

அம்மாவின் தயக்கத்தை நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை. அம்மா 1955இல் பிறந்தவர். அவருடைய அப்பா 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து, ஆண்டுக்கணக்கில் விசாரணைக்கு நடந்து, ஒருவாறு பதிவுப் பிரஜையானவர். விண்ணப்பித்தவர்களில் சிறு பகுதியினருக்கே அது கிடைத்தது. மற்றவர்கள் நாடற்றவர்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையில் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று பங்கு போட்டார்கள். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் வீட்டிலும் பங்கு பிரிந்தது. அம்மாச்சியின் தம்பிக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் அவர் மனைவி பிள்ளைகளோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினார். தனுஷ்கோடி அப்போது இல்லை. 1964 டிசம்பர்ப் புயல் இங்கே திருகோணமலையையும் அடித்து, அங்கே தனுஷ்கோடியையும் கொண்டுபோய்விட்டது. அவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு உருவாக்கிய தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். டொக்யாட்டில் தச்சுவேலை செய்தவர் கோத்தகிரிப் பக்கம் கொழுந்து நிறுத்தார். அக்காவும் தம்பியும் அதன் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

இதெல்லாம் அம்மாவுக்குச் சரித்திரப் பாடம் அல்ல. எந்தப் போர்மை எடுத்தாலும் "வம்சாவளிப் பிரஜையா, பதிவுப் பிரஜையா?" என்ற கேள்வி. பதிவுப் பிரஜை என்றால் இலக்கத்தைக் காட்டு. அம்மா தன் பிறப்புப் பத்திரத்தை, இனம் எழுதிய வரி உள்ளே போகும்படி மடித்தே வைத்திருந்தார். "இந்தியத் தமிழ்" என்ற இரண்டு சொல் வெளியே தெரியக்கூடாது. அதை இருபது வருடம் மடித்து மடித்து அந்த இடத்தில் கடதாசி அறுந்துபோயிருக்கிறது.

ஒரு நாள் இரவு அம்மா கேட்டார்: "இந்தியாட கார்ட் எடுத்தா, இஞ்ச எங்களை வெளியே போ எண்டு சொல்ல மாட்டாங்களே?"

அந்தக் கேள்விக்கு நான் சட்டப் புத்தகத்திலிருந்து பதில் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். ஓ.சி.ஐ. என்பது பெயரில் குடியுரிமை என்ற சொல் இருந்தாலும், இந்தியக் குடியுரிமை அல்ல. அதை எடுத்தவர் இலங்கைப் பிரஜையாகவே இருக்கிறார்; இலங்கைக் கடவுச்சீட்டிலேயே பயணம் செய்கிறார். ஆயுள் முழுதும் எத்தனை முறையும் இந்தியா போய்வரலாம். எவ்வளவு காலம் தங்கினாலும் வெளிநாட்டார் பதிவு அலுவலகத்தில் பதியத் தேவையில்லை. ஆனால் வாக்கு இல்லை. சட்டசபை, பாராளுமன்றம் போக முடியாது. அரசாங்க வேலை பொதுவாகக் கிடையாது. விவசாயக் காணி, தோட்டக் காணி வாங்க முடியாது. பத்திரிகைத் தொழில், ஆய்வு, மதப் பிரசாரம் போன்றவற்றுக்குத் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். என் மகள் சென்னையில் மேற்படிப்புப் படிக்கிறாள். அவளைப் பார்க்கவும், கோத்தகிரியில் இருக்கும் அம்மாவின் மச்சாளைப் பார்க்கவும் ஒவ்வொரு முறையும் விசாவுக்கு அலையாமல் போய்வரத்தான் இது.

அம்மா எழுந்து போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "உனக்கும் பேத்திக்கும் எடு. எனக்கு வேண்டாம். நான் ஒருக்கா வரிசையில நிண்டது காணும்" என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

பெட்டிக்குள் இருந்தவை: அம்மாச்சியின் 1931 பிறப்புப் பத்திரம், அவருடைய விவாகப் பத்திரம், தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம், பூட்டனாரின் சேவைப் பத்திரம். சேவைப் பத்திரத்தில் பிறந்த இடம் என்று இருந்தது. "திருப்பத்தூர்" என்ற சொல் தெளிவு. அதற்கடுத்த ஜில்லாப் பெயரைப் பூச்சி தின்றுவிட்டது.

திருப்பத்தூர் என்றால் எது? நாங்கள் விசாரித்தபோது, ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது, பழைய வடஆற்காடு, 2019இலிருந்து அதுவே ஒரு மாவட்டம் என்றார்கள். பெயரே மாவட்டமாக இருந்ததால் அதுதான் என்று நம்பி, மகள் சென்னையிலிருந்து ரயில் ஏறிப்போய் இரண்டு நாள் அலைந்து வெறுங்கையோடு வந்தாள். பிறகு கோத்தகிரிக்குத் தொலைபேசியில் பேசினோம். மாமா காலமாகிவிட்டார், அவருடைய மகள் பழைய குடும்ப அட்டையை வைத்திருந்தார். பூர்வீகம் இராமநாதபுரம் மாவட்டம் என்று அதில் இருந்தது. இன்னொரு திருப்பத்தூர் அங்கே இருக்கிறது. ஆனால் அது இப்போது இராமநாதபுரத்தில் இல்லை. 1985இல் அந்த மாவட்டத்தைப் பிரித்தபோது பசும்பொன் மாவட்டத்துக்குப் போய், இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. மனிதர் அசையவில்லை, ஊர் மூன்று பெயருக்குள் நகர்ந்துவிட்டது. உங்கள் கடதாசியிலும் பழைய ஜில்லாப் பெயர் இருக்கும். இன்றைய பெயர் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு ரயில் ஏறுங்கள்.

அங்கே போனது என் வகுப்புத் தோழி. 1990இல் இடம்பெயர்ந்து படகில் போனவள், இன்று திருச்சியில் இருக்கிறாள். முப்பத்துமூன்று வருடமாக நாங்கள் கடிதத்திலும் பிறகு வட்ஸ்அப்பிலும்தான் பேசிக்கொண்டோம். நான் கேட்டதும், "இது புதுக்கோட்டை தாண்டினா வந்திரும், நான் போறன்" என்று பஸ் ஏறினாள். மாமாவின் மகள் சொன்ன ஒரு பழைய காணிக் கதையை வைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்று முறை நடந்தாள். பூட்டனார் தன் பங்குக் காணியைத் தன் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் கிடைத்தது. அதில் அவருடைய அப்பாவின் பெயர், கிராமத்தின் பெயர், "தற்சமயம் சிலோன் திருகோணமலையில் இருப்பவர்" என்ற வரி. அவள் அதைப் படமெடுத்து அனுப்பிய இரவில் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஒரு வரியை நாலைந்து தரம் வாசித்தார்.

இந்தியப் பிறப்புக்கு இரண்டு ஆதாரம் ஆயிற்று. இன்னும் ஒரு கண்ணி அறுந்து கிடந்தது. அம்மாச்சியின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர். அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயர் என்ற இடத்தில் வேறொரு பெயர். முதலாவது தாத்தாவின் தாய் பெயரை வைத்துப் பதிந்தது. இரண்டாவது வீட்டில் கூப்பிட்ட பெயர். விவாகப் பத்திரத்திலும் வீட்டுப் பெயர்தான். ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கடதாசிக்குத் தெரியாது.

அப்போதுதான் நமது பாடசாலைக்கு வந்தேன். அம்மாவும் இங்கேதான் படித்தவர். அதிபரிடம் அனுமதி கேட்டேன். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து துணி அட்டை போட்ட சேர்விடாப்பை எடுத்துத் தந்தார்கள். 1961ஆம் ஆண்டுப் பக்கம். அம்மாவின் பெயர், பிறந்த திகதி, தந்தையின் பெயர், டொக்யாட் விலாசம். தாயின் பெயர் என்ற இடத்தில் பதிவுப் பெயரை எழுதி, பக்கத்தில் "என அழைக்கப்படும்" என்று வீட்டுப் பெயரையும் எழுதியிருந்தார்கள். இரண்டு பெயரும் ஒரே வரியில். அதை எழுதிய கை யாருடையது என்று அம்மாவுக்கும் நினைவில்லை. பிள்ளையைச் சேர்க்க வந்த தாயிடம் பொறுமையாக இரண்டு பெயரையும் கேட்டு, இரண்டையும் எழுதிய ஓர் ஆசிரியை. அவருக்கு இந்த மேடையிலிருந்து என் நன்றி.

அந்தப் பக்கத்தின் நகலை அதிபர் சான்றுப்படுத்தித் தந்தார். அதை வைத்துக்கொண்டு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அம்மா சத்தியக்கடதாசி முடித்தார். தனக்கு வேண்டாம் என்றவர், எனக்காகக் கையெழுத்துப் போட்டார்.

இனி, செய்ய நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள்.

முதலில் ஒரு தாளில் குடும்பக் கிளையை வரையுங்கள். 1950 ஜனவரி 26இல் உயிரோடு இருந்தவர், தான் அல்லது தன் பெற்றோர், பாட்டன் பாட்டி இந்தியாவில் பிறந்தவர், அப்படி யார் என்று பாருங்கள். அவர்தான் உங்கள் முதல் கண்ணி. அவரிலிருந்து உங்கள்வரை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பிறப்புப் பத்திரம் வேண்டும். பெண்ணாயின் பெயர் மாறியதைக் காட்ட விவாகப் பத்திரமும் வேண்டும். பிறப்புப் பதிவான பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் கேளுங்கள். திகதியும் இலக்கமும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் உத்தேச ஆண்டுகளைச் சொல்லித் தேடச் சொல்லலாம். பதிவே இல்லையென்றால், பதிவு இல்லை என்பதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, இந்தியத் தொடர்புக்கான ஆதாரம். பழைய இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் பிறப்பிடச் சான்று, வதிவிடச் சான்று போன்ற அரச பத்திரங்கள். அவற்றை எடுக்கவும் அடிப்படை ஆவணம் தேவைப்படும். கிரயப் பத்திரம், பட்டா, தேவாலய ஞானஸ்நானப் பதிவு, கப்பலில் போன உறவினரின் குடும்ப அட்டை எல்லாவற்றையும் தேடுங்கள். தாய் தந்தையரில் எவரும் ஏற்கெனவே ஓ.சி.ஐ. அல்லது பி.ஐ.ஓ. அட்டை எடுத்திருந்தால் அதன் நகலையும், எந்த ஆவணத்தின் பேரில் கிடைத்தது என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, எழுத்து. சிங்களத்திலோ தமிழிலோ உள்ளதை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே பெயருக்கு ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டை எல்லாப் பத்திரத்திலும் எழுதச் சொல்லுங்கள். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். என் முதல் மொழிபெயர்ப்பில் பூட்டனாரின் பெயர் மூன்று விதமாக இருந்தது. முழுவதையும் திரும்பச் செய்தேன்.

நான்காவது, விண்ணப்பம் இணையத்தில்தான். இரண்டு பகுதி. புகைப்படம் சதுரமாக இருக்க வேண்டும். பின்னணி வெள்ளையாக இல்லாமல் மெல்லிய நிறமாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து புதிதாக விண்ணப்பிக்கக் கட்டணம் 275 அமெரிக்க டொலர். சிறிய தொகை இல்லை. எனவே ஆவணம் முழுமையாகும்வரை பணம் கட்ட அவசரப்படாதீர்கள். கனடாவிலோ லண்டனிலோ அவுஸ்திரேலியாவிலோ இருப்பவர்கள், நீங்கள் வசிக்கும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாட்டுப் பிரஜையாகிவிட்டாலும் தகுதி போய்விடாது.

கடைசியாக ஒன்று. தரகரை நம்பாதீர்கள். "கிராமத்துச் சான்று நான் எடுத்துத் தாறன்" என்று ஒருவர் என்னிடமும் வந்தார். போலி ஆவணத்தால் பெற்ற ஓ.சி.ஐ. பதிவை இரத்துச் செய்யச் சட்டத்தில் இடமுண்டு. அது மட்டும் அல்ல. நம் முன்னோரைப் பொய்க் கடதாசிக்காரர்கள் என்று ஒரு காலம் சந்தேகித்தார்கள். அவர்கள் உண்மையாகப் பிறந்து, உண்மையாக உழைத்த இடத்தை நாம் பொய்யால் நிரூபிக்கக் கூடாது. தமிழ் பேசுகிறோம் என்பதும் ஆதாரமாகாது. தலைமுறை தலைமுறையாக இலங்கையிலேயே பிறந்தவர்களுக்கு இது கிடைக்காது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

கொழும்புக்கு இரவு ரயிலில் போய் மூலப் பத்திரங்களைக் காட்டினோம். சில மாதங்களில் இரண்டு அட்டைகள் வந்தன, எனக்கும் மகளுக்கும். போன தைமாதம் நானும் அம்மாவும் கோத்தகிரிக்குப் போனோம். நான் அட்டையைக் காட்டிப் போனேன்; அம்மா விசா எடுத்துத்தான் வந்தார். மாமாவின் மகள் வாசலில் நின்று அம்மாவைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அம்மாச்சி மாதிரியே இருக்கீங்களே" என்பதுதான். அம்மாச்சியை அவர் பார்த்தபோது அவருக்கு ஐந்து வயது.

திரும்பி வந்தபின் அம்மா தன் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டு வாங்கினார். அறுந்த இடத்தை ஒட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறார். இனி அதை மடிக்க முடியாது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். நூற்றாண்டு மண்டபத்துக்கும் மைதானத்துக்கும் எல்லோரும் உதவுகிறீர்கள், நானும் உதவுவேன். அதோடு, அலுமாரியின் அடித்தட்டில் இருக்கும் சேர்விடாப்புகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை இடம்பெயர்வையும் சுனாமியையும் தாண்டி அவை இருக்கின்றன. கறையான் அவற்றுக்கு இனி அவகாசம் தராது. அவற்றை ஒழுங்காகக் கட்டி, பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து, ஒரு பிரதியை வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும். முதல் இடாப்புக்கான செலவை எங்கள் வகுப்பு ஏற்கிறது. திருச்சித் தோழியும் பங்கு அனுப்பியிருக்கிறாள். நூறு வருடமாக இந்த வாசலுக்குள் வந்த பெண்பிள்ளைகளின் தாய்மாருடைய பெயர்கள் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு வேறெங்கும் பதிவே இல்லை.